விழித்திருப்பது வேறு, உணர்ந்திருப்பது வேறு: நனவு பற்றி ஒரு தொடக்க விளக்கம்

கட்டிலில் கிடக்கும் ஒருவரைப் பார்த்து "நினைவு இருக்குதா?" என்று கேட்கும்போது உண்மையில் மூன்று கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கிறோம். அவர் விழித்திருக்கிறாரா? எங்கள் பேச்சுக்கு அசைகிறாரா? அவருக்குள்ளே ஏதாவது உணரப்படுகிறதா? சாதாரண நாட்களில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கும். அதனால் மூன்றும் ஒன்றென்றே பழகிவிட்டோம். ஆனால் வன்னியில் இவை பிரிந்து நிற்கும் சந்தர்ப்பங்கள் நிறைய: பாம்புக்கடி, சீனி வருத்தம், ஏ9 வீதியில் விழுந்து தலையில் அடிபடுதல், போரில் இழந்த கால். நனவு என்றால் என்ன என்று விளங்க வேண்டுமானால் இந்த இடங்களிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

வரையறை ஒன்று போதும். நோகும்போது நோவு தெரிகிறது. முதல் மழைக்கு மண் மணக்கும்போது அந்த மணம் தெரிகிறது. கனவில் யானை துரத்தும்போது பயம் தெரிகிறது. இப்படி யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று தெரிந்துகொண்டிருக்கும் நிலைதான் நனவு. இதற்குப் புத்திக்கூர்மை தேவையில்லை, பேச்சும் தேவையில்லை. பேசத் தெரியாத பச்சைக் குழந்தைக்கும் ஊசி குத்தினால் நோகிறது. கணக்குப் பொறி எங்களைவிட வேகமாகப் பெருக்கும், ஆனால் பெருக்குவது அதற்குத் தெரிவதில்லை.

விழிப்பு எங்கிருந்து வருகிறது

நனவுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று விழிப்பின் அளவு: ஆழ்ந்த மயக்கம், தூக்கம், அரைத்தூக்கம், முழு விழிப்பு. மற்றது உள்ளடக்கம்: அந்த நேரத்தில் என்ன உணரப்படுகிறது என்பது. மூளையில் இவற்றை வெவ்வேறு பகுதிகள் பார்த்துக்கொள்கின்றன.

விழிப்பை நடத்துவது மூளைத்தண்டின் மேற்பகுதி. கழுத்துக்கு மேலே, மூளையின் அடியில், கட்டைவிரல் தடிப்பில் இருக்கும் பகுதி அது. 1949இல் மொருசி, மகூன் என்ற இரு ஆய்வாளர்கள் மயக்க மருந்து கொடுத்த பூனையின் மூளைத்தண்டை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டினார்கள். உடனே மூளையின் மின்னலைகள் தூக்க வடிவத்திலிருந்து விழிப்பு வடிவத்துக்கு மாறின. அங்கிருந்து புறப்படும் தூண்டல் மூளையின் நடுவிலிருக்கும் தலமசு வழியாகவும் வேறு பாதைகளாலும் மேலே ஏறி, மூளையின் வெளி மடிப்பான புறணியை எழுப்பி வைத்திருக்கிறது. என்ன உணர்கிறோம் என்பது பெரும்பாலும் இந்தப் புறணியில் தீர்மானமாகிறது.

குளத்தின் துருசையும் அதற்குக் கீழுள்ள வயலையும் நினைத்துக்கொள்ளுங்கள். துருசு பூட்டிக் கிடந்தால் எவ்வளவு நல்ல வயலும் காயும். அது ஆழ்மயக்கம்: மூளைத்தண்டில் சிறிய இரத்தக்கசிவு ஏற்பட்டாலும், புறணி முழுதாக இருக்க, ஆள் எழும்பமாட்டார். துருசு திறந்து தண்ணீர் ஓடியும் வயல் அழிந்திருந்தால் பயிர் வராது. நீண்ட நேரம் ஒட்சிசன் கிடைக்காமல் புறணி சேதமடைந்தவர்களிடம் இதைக் காணலாம். காலையில் கண் திறப்பார்கள், இரவில் மூடுவார்கள், கொட்டாவியும் விடுவார்கள். ஆனால் உணர்வதற்கான அறிகுறி ஒன்றும் தென்படாது. கண் திறந்ததைக் கண்டு உறவினர் மகிழ்வதும் வைத்தியர் தயங்குவதும் இந்த வேறுபாட்டால்தான்.

மூளை உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுக்கிறது. சேமிப்பு என்று சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை. இதயம் நின்றால் 10 வினாடி அளவில் நினைவு போய்விடும். 4 முதல் 6 நிமிடங்களுக்குள் நிரந்தரச் சேதம் தொடங்கிவிடும்.

சீனி குறைந்தாலும் இதே கதைதான், வேகம் மட்டும் குறைவு. நீரிழிவுக்கு ஊசியோ குளிசையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போகிறவருக்கு இரத்தச் சீனி 100 மில்லிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் வரும். 54க்குக் கீழே இறங்கினால் குழப்பம், காரணமில்லாத கோபம், குழறிய பேச்சு. நனவு ஒரே வெட்டில் அணைவதில்லை: முதலில் நிதானம் போகிறது, பிறகு பேச்சு, கடைசியில்தான் விழிப்பு. சந்தியில் தள்ளாடி நிற்பவரைக் குடித்துவிட்டார் என்று ஒதுக்கிவிடுவது இங்கே நடக்கும் ஆபத்தான பிழை. விழுங்கக்கூடியவராக இருந்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்து, அறிகுறிகள் குறையாவிட்டால் திரும்பக் கொடுக்க வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போகும். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் திருப்பி, மேலிருக்கும் முழங்காலை மடித்து முன்னே ஊன்றி, தலையைச் சற்றுப் பின்சாய்த்து, வாய் கீழ்நோக்கும்படி கிடத்திவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

வைத்தியசாலையில் எப்படி அளக்கிறார்கள்

தாதியர் கட்டிலடியில் "15/15", "9/15" என்று எழுதுவதைக் கண்டிருப்பீர்கள். அது 1974இல் கிளாஸ்கோ நகரில் ரீஸ்டேல், ஜெனற் என்ற இரு வைத்தியர்கள் வகுத்த அளவுகோல். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. தானாகக் கண் திறந்தால் 4, கூப்பிட்டால் திறந்தால் 3, நோகச் செய்தால் திறந்தால் 2, திறக்காவிட்டால் 1. பேச்சில், ஆள், இடம், காலம் மூன்றையும் சரியாகச் சொன்னால் 5. கதைக்கிறார் ஆனால் குழம்புகிறார் என்றால் 4. தொடர்பில்லாத சொற்கள் 3, வெறும் முனகல் 2, ஒன்றுமில்லை என்றால் 1. அசைவில் சொன்னதைச் செய்தால் 6, நோகும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோனால் 5, நோவிலிருந்து கையை இழுத்தால் 4. அதற்குக் கீழே மூளைக் காயத்தால் கைகள் தன்பாட்டில் மடங்குவது 3, விறைத்து நீள்வது 2, அசைவே இல்லாதது 1. ஆகவே ஆகக்குறைந்தது 3. பூச்சியம் என்று ஒன்று இல்லை. 8க்கு வந்தால் ஆழ்மயக்கம் என்று கொள்வார்கள். தொண்டையைக் காக்கும் அனிச்சைகள் தளர்ந்துவிடுவதால் மூச்சுப்பாதையைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய கட்டம் அது.

கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பது போதாது. முகம் வீங்கிக் கண் மூடியிருந்தால் கண்ணுக்கான புள்ளி பொய்யாகக் குறையும். தொண்டையில் குழாய் இருந்தால் பேச்சைப் பரிசோதிக்கவே முடியாது. காது மந்தமான வயோதிபர் கட்டளைக்கு அசையமாட்டார். எங்கள் பகுதிக்கே உரிய இன்னொன்று மொழி. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரிடம் சிங்களத்தில் "இது எந்த இடம்?" என்று கேட்டுவிட்டுக் குழப்பம் என்று 4 போட்டால், அது மூளையின் புள்ளியல்ல. நோயாளியோடு நிற்பவர் அவருடைய மொழியைச் சொல்லிவிடுவது ஒரு மருந்தளவுக்கு முக்கியம்.

ஆனால் இந்த அளவுகோலின் அடிப்படைக் குறை வேறு. அது நனவை அளப்பதில்லை. வெளியே தெரியும் பதிலை அளக்கிறது. பதில் இல்லாவிட்டால் உள்ளே ஒன்றுமில்லை என்று நாங்கள்தான் முடிவு கட்டுகிறோம்.

அசைவற்ற உடலுக்குள் விழித்திருப்பவர்

இந்த முடிவு எவ்வளவு பிழைக்கலாம் என்பதைக் காட்ட வன்னிக்கு வெளியே போகத் தேவையில்லை. கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள் கொண்ட கட்டு விரியன், காவல் கொட்டிலிலும் மண் தரை வீட்டிலும் பாயில் படுப்பவர்களை இரவில் கடிக்கிறது. பல்லடையாளம் தெரியாமலும் இருக்கலாம். வீக்கமோ பெரிய நோவோ இராது. சிலர் விடியப்புறம் வயிற்றுநோவோடு எழும்புவார்கள், சிலருக்கு வாந்தி. பிறகு கண்ணிமை சரியும், எல்லாம் இரண்டாகத் தெரியும், விழுங்க இயலாது, நாக்குத் தடிக்கும். சில மணி நேரத்தில் மூச்சுத் தசைகளும் நின்றுவிடலாம்.

விடம் வேலை செய்யும் இடம்தான் இங்கே முக்கியம். நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் சந்தியில், நரம்பின் நுனியை அது சேதப்படுத்துகிறது. மூளை "கையைத் தூக்கு" என்று சொல்கிறது, கட்டளை நரம்பின் நுனிவரை வருகிறது, தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் இப்படிப்பட்டவர் கண் திறக்கமாட்டார், பேசமாட்டார், நோவுக்கும் அசையமாட்டார். அளவுகோலில் 3. கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் கிடக்கலாம். மூளை இறந்தவர்போலத் தோன்றும் இந்த ஆளுக்கு, பல சந்தர்ப்பங்களில், சுற்றி நடப்பது முழுவதும் கேட்கிறது. கட்டு விரியன் கடித்தவர்களில் சிலர் உண்மையாகவே ஆழ்மயக்கத்துக்கும் போவதுண்டு. வெளியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

அதனால் செய்யக்கூடியவை இவை. இமையை விரலால் மெல்லத் தூக்கி, முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "விளங்கினால் கால் பெருவிரலை அசையுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கால் விரலையும் கைவிரலையும் உற்றுப் பாருங்கள். முகமும் கழுத்தும் முழுக்கச் செயலிழந்த பிறகும் விரல் நுனியில் நூலளவு அசைவு மிஞ்சியிருக்கலாம். மூளை மின்னலைப் பதிவு எடுத்தால் விழிப்பின் அலைகளே தெரியக்கூடும். அவர் கேட்கிறார் என்று எண்ணியே கதையுங்கள்: இன்று என்ன நாள், இப்போது எதற்காகக் குழாயைத் தொடுகிறோம், பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள். "இனி ஆள் தப்பாது" என்ற பேச்சைக் கட்டிலருகே பேச வேண்டாம். மூச்சுக்கு இயந்திரம் துணை நின்றால் நரம்பு நுனிகள் திரும்ப வளரும். நாட்கள் எடுக்கும், சிலருக்குக் கிழமைகள். கடித்த இடத்தைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் உதவாது. அசையாமல் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும், வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதும்தான் உயிர் காக்கும்.

மூளைக் காயம் பட்டவர்களிலும் இது நடக்கிறது. 2006இல் நரம்பியலாளர் ஏட்ரியன் ஓவனின் குழுவினர், ஐந்து மாதமாக எந்தப் பதிலும் தராத 23 வயதுப் பெண் ஒருவரை மூளை வருடியில் (ஸ்கான் இயந்திரத்தில்) வைத்து, ரென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பிறகு வீட்டின் அறைகளுக்குள் நடப்பதாக எண்ணச் சொன்னார்கள். இரண்டு வேளையும், நலமான ஒருவரில் எந்தப் பகுதிகள் வேலை செய்யுமோ அவையே வேலை செய்தன. 2024இல் பல நாடுகளில் சேர்த்த 241 பேரிடம் இதேபோன்ற சோதனைகளின் முடிவு வெளியானது. கட்டளைக்கு வெளியில் பதில் தராத அவர்களில் 60 பேர், அதாவது நாலில் ஒருவர், உள்ளே கட்டளையைப் பின்பற்றினார்கள். இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் வந்தவற்றுள் இதைவிடக் கனதியான செய்தி வேறொன்று இல்லை.

உள்ளடக்கம்: மூளை கட்டித் தருவது

விழிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தெரிவது வெளியுலகின் நேர்ப்பிரதியா? ஒரு கடதாசியும் பேனையும் இருந்தால் இப்போதே சோதிக்கலாம். கடதாசியின் இடப்பக்கம் சிறிய கூட்டல் குறி ஒன்று போடுங்கள். அதே மட்டத்தில் 8 சென்ரிமீற்றர் வலப்புறம் தள்ளி, ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் கறுத்தப் புள்ளி. இடக்கண்ணைக் கையால் பொத்தி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். கடதாசியை அரை மீற்றர் தூரத்திலிருந்து மெதுவாக அருகே கொண்டுவாருங்கள். 30 சென்ரிமீற்றர் அளவில் புள்ளி மறைந்துவிடும். இன்னும் அருகே வந்தால் திரும்ப வரும். மறையவில்லையென்றால் அனேகமாகக் கண் புள்ளியின் பக்கம் ஓடியிருக்கும், அல்லது கடதாசி சாய்ந்திருக்கும்.

பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை. அங்கே விழும் எதுவும் தெரியாது. ஆனால் உங்களுக்குக் கடதாசியில் ஓட்டை தெரிந்ததா? இல்லை, வெள்ளைக் கடதாசிதான் தெரிந்தது. இப்போது புள்ளியை ஊடறுத்து ஒரு நேர்கோடு கீறிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். புள்ளி மறையும்போது கோடு அறுபடாமல் ஓடுவதாகத் தெரியும். தகவல் இல்லாத இடத்தை மூளை சுற்றுப்புறத்தைப் பார்த்து நிரப்பிவிட்டது, உங்களுக்குச் சொல்லாமலே.

மறுபக்கமும் உண்டு. 1974இல் உளவியலாளர் வைஸ்க்ரான்ஸின் குழுவினர் விவரித்த ஒருவருக்கு மூளையின் பார்வைப் புறணியில் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்தது. ஒரு பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றார். "சும்மா ஊகித்துக் காட்டுங்கள்" என்றதும் அந்தப் பக்கத்தில் மின்னிய வெளிச்சத்தைச் சரியாகச் சுட்டினார். கண் வாங்கிய தகவல் கைக்குப் போனது, அவருக்குத் தெரியவில்லை. மூளை வேலை செய்வதெல்லாம் நனவு ஆகிவிடாது.

இல்லாத காலில் வரும் நோவு

உடல் பற்றிய உணர்வும் இப்படிக் கட்டப்படுவதுதான். மிதிவெடியிலோ எறிகணையிலோ காலை இழந்தவர்கள் வன்னியில் எத்தனையோ பேர். அவர்களில் பெரும்பாலானோருக்கு இல்லாத கால் இன்னும் தெரிகிறது. பாதம் கடிக்கிறது, விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறுகிக் கிடக்கின்றன, உள்ளங்கால் எரிகிறது. சொன்னால் நம்பமாட்டார்கள் என்று வீட்டில்கூடச் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. இது மனப்பிரமையும் அல்ல, புத்தி பேதலிப்பும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்தவர்களைக் கவனித்த மிச்சல் என்ற வைத்தியர் 1871இலேயே இதற்குப் பெயர் வைத்து எழுதினார். காலுக்குரிய இடம் மூளையின் உடல் வரைபடத்தில் அப்படியே இருக்கிறது. வெட்டுண்ட நரம்பின் நுனியும் அந்த வரைபடமும் சேர்ந்து கால் இருப்பதாக உணர்த்துகின்றன. நோவு உணரப்படுவது மூளையில் என்பதால், கால் போனாலும் நோவு மிஞ்சலாம்.

தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடியை வைத்து இதைக் குறைக்க முயன்றார். 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கால் இழந்த இராணுவத்தினர் நாளுக்கு 15 நிமிடம், 4 கிழமை கண்ணாடிப் பயிற்சி செய்தபோது நோவு குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடியோடு செய்தவர்களுக்கு அந்த அளவு பலன் வரவில்லை.

செய்முறை எளிது. இருக்கும் காலின் முழு நீளமும் தெரியக்கூடிய, ஓரம் மழுக்கிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வேண்டும். பொய்க்காலைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் கால் நீட்டி இருந்து, கண்ணாடியை இரண்டு தொடைக்கும் நடுவில் நெடுக்காக நிறுத்துங்கள். பளபளக்கும் பக்கம் இருக்கும் காலைப் பார்க்க வேண்டும், துண்டிக்கப்பட்ட பக்கம் கண்ணில் படக்கூடாது. தலையைச் சற்றுச் சாய்த்தால், இழந்த கால் இருந்த இடத்தில் ஒரு கால் தெரியும். பாதத்தை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள், விரல்களை விரியுங்கள், மடியுங்கள். அதே நேரம் இல்லாத காலையும் அப்படியே அசைக்க முயலுங்கள். அசைவு வேகமாக இருந்தால் உணர்வு ஒட்டாது. கண்ணாடி சரிந்தால் கால் கோணலாகத் தெரிந்து நோவு கூடலாம். கொலுசு, மிஞ்சி, கட்டுத்துணி எதுவும் இருக்கும் காலில் இருக்க வேண்டாம், அவை "இது அந்தக் கால்" என்று நினைவூட்டிவிடும். முதல் நாட்களில் சிலருக்குத் தலைச்சுற்றும் அழுகையும் வரும். அப்போது 5 நிமிடத்தோடு நிறுத்தி மெல்லக் கூட்டலாம். இரண்டு காலும் இழந்தவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. வெட்டு முனை சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால் கண்ணாடியைத் தேட வேண்டாம், வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தூக்கம், கனவு, கலை

தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கனவு செறிந்த கட்டம் ஒன்று உண்டு. அப்போது மூளை மும்முரமாக வேலை செய்ய, கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அந்தச் செயலின்மை நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருக்கும், உடல் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி இருப்பதுபோல இருக்கும். பேய் அமுக்கியது என்பார்கள். ஓரிரு நிமிடத்தில் தானாக நீங்கும். நித்திரை குறைந்த காலத்தில் கூடுதலாக வரும்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் கலை வந்து (சாமி வந்து) ஆடுபவர்களைப் பார்த்தால் வேறொரு பிரிவு தெரியும். விழிப்பு குறையவில்லை, "நான்" என்ற உணர்வு மட்டும் ஒதுங்கியிருக்கிறது. சடங்கில் வந்து சடங்கோடு அடங்கும் இந்த நிலையை உளமருத்துவம் நோயாகக் கொள்வதில்லை. சடங்கில்லாத இடத்தில், விருப்பமில்லாமல், அடிக்கடி வந்து ஆளைத் துன்பப்படுத்தினால் உதவி தேட வேண்டும். கைகால் வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்து, சலம் போய், பிறகு அயர்ந்து தூங்கினால் அது வலிப்பு. அதற்கு மருந்து இருக்கிறது.

சைவ சித்தாந்தம் சாக்கிரம் (விழிப்பு), சொப்பனம் (கனவு), சுழுத்தி (ஆழ்ந்த தூக்கம்), அதற்கும் அப்பாலான துரியம், துரியாதீதம் என்று ஐந்து அவத்தைகள், அதாவது நிலைகள், வைத்தது. நனவுக்குப் படிநிலைகள் உண்டு என்பதை அது கூர்ந்து கண்டிருக்கிறது. ஆனால் அதன் கணக்கில் உடலும் கருவிகளும் சடம். அறிவது உயிர், அதற்கு அறிவிப்பது இறை. மூளைத்தண்டையும் புறணியையும் பற்றி மேலே சொன்னவை எதுவும் இதை நிரூபிப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. அவற்றைக் கருவி என்று கொள்வதா, காரணம் என்று கொள்வதா என்பதில்தான் பிரிவு.

ஏன் உணர வேண்டும்?

அந்தப் பிரிவை 1994இல் டேவிட் சால்மர்ஸ் என்ற மெய்யியலாளர் கூர்மையாக்கினார். மூளை எப்படிப் பார்க்கிறது, எப்படி நினைவு வைக்கிறது, எப்படிக் கைக்குக் கட்டளை கொடுக்கிறது என்பவை கடினமாக இருந்தாலும் வழி தெரிந்த கேள்விகள். இவையெல்லாம் இருட்டிலேயே நடந்து முடிந்திருக்கலாமே, ஏன் கூடவே ஓர் உணர்வு வருகிறது என்பதுதான் கடும் கேள்வி என்றார்.

கலங்களின் எண்ணிக்கை இதற்குப் பதில் ஆகாது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. அவற்றில் 6,900 கோடி வரை பின்பக்கத்திலுள்ள சிறுமூளையில். புறணியில் 1,600 கோடிதான். ஆனால் சிறுமூளை பெரிதாகச் சேதமடைந்தாலும் நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், நனவு போகாது. ஆகவே எத்தனை கலங்கள் என்பதைவிட அவை எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதே முக்கியம்.

இரண்டு கோட்பாடுகள் முன்னணியில் நிற்கின்றன. 1988இல் உளவியலாளர் பேர்னாட் பார்ஸ் முன்வைத்ததன்படி, ஒரு தகவல் மூளையின் ஒரு மூலையில் தங்காமல், பேச்சு, நினைவு, திட்டமிடல் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும்போது அது நனவாகிறது. 2004இல் நரம்பியலாளர் ஜூலியோ ரொனோனி சொன்னதோ வேறு: பகுதிகளாகப் பிரித்தால் இழந்துபோகும் அளவுக்கு ஒன்றோடொன்று பிணைந்த தகவலே நனவு. சிறுமூளையின் சுற்றுகள் தனித்தனியே ஓடுவதால் அது நனவுக்கு உதவவில்லை என்ற விளக்கம் ரொனோனியின் பலம். மேலே சொன்ன பார்வைப் புறணி இழந்தவரில், வெளிச்சத்தைச் சுட்டிய கைக்குத் தெரிந்தது ஆளுக்கு ஏன் தெரியவில்லை என்பதை பார்ஸின் வழி எளிதாக விளக்குகிறது.

1998இல் நரம்பியலாளர் கிறிஸ்தோப் கோக், நனவை உண்டாக்கும் மூளைச் செயற்பாடு 25 ஆண்டுக்குள் தெளிவாகப் பிடிபடும் என்று சால்மர்ஸுடன் பந்தயம் கட்டினார். 2023இல் இரண்டு கோட்பாடுகளையும் நேருக்கு நேர் மோதவிட்ட பரிசோதனை முடிவுகள் வந்தன. இரண்டிலும் சில எதிர்பார்ப்புகள் சரிவந்தன, சில பிழைத்தன. கோக் தோல்வியை ஏற்று வைன் போத்தல்களைக் கையளித்தார். ஆனால் அதே ஆய்வாளர்கள் வட்டத்திலிருந்து வந்த ஒரு கருவி கட்டிலருகே பயன்படத் தொடங்கியிருக்கிறது: தலையோட்டின் மேல் ஒரு காந்தத் துடிப்பைக் கொடுத்து, மூளை எழுப்பும் மின் எதிரொலி எவ்வளவு பரவலாகவும் சிக்கலாகவும் இருக்கிறது என்று கணிப்பது. ஆழ்ந்த தூக்கத்தில் அந்த எதிரொலி விழுந்த இடத்தைச் சுற்றியே அடங்கிவிடும், விழிப்பிலும் கனவிலும் பரந்து மாறிமாறி ஓடும். நோயாளி கண் திறக்கவோ விரல் அசைக்கவோ தேவையில்லாத சோதனை இது.